வராந்தாவில் பரவிய நிபா: கோழிக்கோடு, மே 2018

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிராவுக்கு அருகே உள்ள சங்ஙரோத்து ஊராட்சியில் சூப்பிக்கடை என்றொரு சிற்றூர். 2018 மே மாதத் தொடக்கத்தில் அங்கே இருபதுகளில் இருந்த ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிலைமை மோசமாகவே மே 5ஆம் தேதி கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்றே அவர் இறந்துவிட்டார். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாமல் போனதில் வியப்பும் இல்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று காய்ச்சல்களுக்குப் பஞ்சமில்லாத மாநிலம் அது. மூளைக்காய்ச்சலில் இறக்கும் பலருக்குக் காரணம் கடைசிவரை கண்டுபிடிக்கப்படாமலே போவது இந்தியா முழுவதும் நடப்பதுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய அண்ணன் அதே நகரில் உள்ள பேபி மெமோரியல் மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல், வாந்தி, குழப்பமான பேச்சு. அங்கிருந்த மருத்துவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தவை இரண்டு. ஒன்று, சாதாரண மூளைக்காய்ச்சலில் எதிர்பார்க்கும் அளவுக்கு மிஞ்சி இதயம் வேகமாகத் துடித்தது, ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. இன்னொன்று, வீட்டுக் கதை. தம்பி இறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. அப்பாவுக்கும் சித்திக்கும் காய்ச்சல். கொசுக்கடியால் வரும் மூளைக்காய்ச்சல் ஒரே வீட்டில் பெரியவர்களை இப்படி வரிசையாகச் சாய்ப்பதில்லை. விஷமாக இருந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்திருப்பார்கள். இங்கே ஒருவருக்கும் அடுத்தவர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி இருந்தது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவும் ஒன்றுதான் அப்படி இடைவெளி விடும்.

மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போயின. ஜி. அருண்குமார் தலைமையில் இயங்கிய அந்த மையத்தில், வௌவால்களிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா வைரஸுக்கான சோதனை முறை ஏற்கெனவே தயாராக இருந்தது. புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் மே 20ஆம் தேதி அதை உறுதிசெய்தது. தென்னிந்தியாவில் மனிதர்களிடம் நிபா கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. இரண்டாவது நோயாளியிலேயே ஒரு புதிய நோயைப் பிடித்தது மிகப் பெரிய காரியம். உலகில் இப்படிப்பட்ட கொள்ளைநோய்கள் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலையைப் பின்னால் பார்க்கலாம்.

யாருக்கு வந்தது, எங்கே வந்தது

கடைசிக் கணக்கில் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். சோதிக்கப்படாமலேயே இறந்துபோன முதல் நோயாளியையும், அறிகுறிகளாலும் தொடர்புகளாலும் நிபா என்று பின்னர் தீர்மானிக்கப்பட்டவர்களையும் சேர்த்து ஆய்வாளர்கள் வெளியிட்ட எண்ணிக்கை 23. அவர்களில் 21 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இருவர்.

இந்தப் பட்டியலை எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்த்தால் ஒன்றும் புரியாது. கோழிக்கோடு, மலப்புரம் என்று இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லை, அறிமுகமில்லை. வௌவால் அடைந்த மரங்கள் சூப்பிக்கடையில் இருக்க, அங்கே காலெடுத்து வைக்காதவர்களுக்கும் நோய் வந்திருந்தது. அவர்கள் மே முதல் வாரத்தில் எங்கெங்கே இருந்தார்கள் என்று ஒவ்வொருவரின் வீட்டாரிடமும் கேட்டு, மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. சிலர் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளி படுத்திருந்த வேளையில் அங்கே இருந்தவர்கள். வேறு பலர் மே 5ஆம் தேதி மருத்துவக் கல்லூரியில் சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த வராந்தாவில் இருந்தவர்கள். அவர் ஸ்கேனுக்காகக் கொண்டுவரப்பட்ட அதே நேரத்தில், தங்கள் சொந்த நோய்க்காகவோ சொந்தக்காரரின் நோய்க்காகவோ அங்கே காத்துக்கொண்டிருந்தவர்கள்.

அரசு மருத்துவமனையின் ஸ்கேன் வராந்தாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுவரை ஒட்டி ஸ்ட்ரெச்சர்கள் நிற்கும். குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மகனோ மருமகனோ நிற்பார். பெஞ்சில் இடமில்லாதவர்கள் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நோயாளி இருமினால் இரண்டடிக்குள் ஐந்தாறு முகங்கள் இருக்கும். வாந்தியெடுத்தால் துடைக்க ஓடுபவர் முன்பின் தெரியாத பக்கத்து நோயாளியின் மனைவியாகக்கூட இருக்கலாம். மே 5ஆம் தேதி அந்த இளைஞர் மூச்சுத்திணறலோடும் இருமலோடும், நோயின் உச்சத்தில் இருந்தார். அவர் உடலிலிருந்து வெளியேறிய வைரஸின் அளவும் அப்போது உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நிபாவைப் பொறுத்தவரை நுரையீரல் பாதிக்கப்பட்டு இருமும் நோயாளிதான் அதிகம் பரப்புகிறார் என்பது வங்கதேச அனுபவத்திலிருந்து ஏற்கெனவே தெரிந்த உண்மை.

கோழிக்கோட்டில் வைரஸ் உள்ளே புகுந்து அறிகுறி தெரிய ஆன காலம் 6 முதல் 14 நாள். மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே இளைஞரிடமிருந்து நேரடியாகத் தொற்றுப் பெற்றவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். மே 20ஆம் தேதி நோய்க்குப் பெயர் தெரிந்தபோது, மே 5ஆம் தேதி நடந்தது நடந்து முடிந்திருந்தது. அடுத்த பத்து நாளில் யார் யாரெல்லாம் இறக்கப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிட்டது. தொலைக்காட்சிகள் நாள்தோறும் புதிய மரணங்களை அறிவித்தபோது நோய் கட்டுக்கடங்காமல் பரவுகிறது என்று மக்கள் நடுங்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பழைய தொற்றின் முதிர்ச்சியை.

இரவு முழுவதும் முதல் நோயாளியைக் கவனித்த பேராம்பிரா செவிலியர் லினி மே 21ஆம் தேதி இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். தொற்று பரவிவிடும் என்ற அச்சத்தில் உடலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் உடனே தகனம் செய்தார்கள். அவர் அந்த இரவில் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞருக்குச் செவிலியர் செய்ய வேண்டியதைச் செய்தார். முகக்கவசமும் கையுறையும் எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாக அணியும்படி நம் தாலுகா மருத்துவமனைகள் அமைந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது.

கிருமி ஒன்று, வழிகள் பல

நிபா ஆர்.என்.ஏ. வகை வைரஸ். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களின் தூரத்து உறவு. நம் ரத்தக்குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அதனால்தான் மூளையும் நுரையீரலும் ஒருசேர அடிவாங்குகின்றன. கொழுப்பாலான மேலுறை கொண்டது என்பதால் சோப்பு அதைக் குலைத்துவிடும்.

அது நிரந்தரமாகக் குடியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம். அவற்றுக்கு அதனால் நோய் வருவதில்லை. எச்சில், சிறுநீர், எச்சம் வழியாக அவ்வப்போது வெளியே விடுகின்றன. மனிதருக்கு வருவது அபூர்வம். வந்தாலும் தொடர்ந்து பரவும் திறமை அதற்குக் குறைவு. தடுப்பாற்றல் இல்லாத ஊரில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நிபாவில் சராசரி ஒன்றுக்கும் கீழே. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை பதிவான 248 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மனிதரிடமிருந்து தொற்றுப் பெற்றவர்கள் 82 பேர்தான். நோயைப் பிறருக்குப் பரப்பியவர்கள் மொத்த நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் கொடுக்காமலே இறக்கிறார்கள் அல்லது பிழைக்கிறார்கள். எங்கோ ஒருவர் மட்டும் பலருக்குக் கொடுக்கிறார். கோழிக்கோட்டு இளைஞர் அப்படிப்பட்டவர்.

ஒரு தொற்றுநோய்க்குக் காரணம் எது என்று கேட்டால் கிருமியின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஆனால் கிருமியின் பெயர் பாதி விடைதான். அது எங்கே தங்கியிருந்தது, எப்படி வெளியேறியது, எதன் மேலேறிப் பயணம் செய்தது, எந்த வாசல் வழியாக அடுத்த உடலுக்குள் போனது என்ற மீதிப் பாதியை மனிதர்கள் வாழும் முறை தீர்மானிக்கிறது. காலராவுக்குக் குடிநீரும், மலேரியாவுக்குக் கொசுவும், காசநோய்க்குக் காற்றோட்டமில்லாத அறையும் வழி. நிபாவின் தனித்தன்மை, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழியில் வந்ததுதான். அதே வைரஸ், அதே வௌவால் இனக்குழு. மலேசியாவில் பன்றிப் பட்டி வழியாகவும், வங்கதேசத்தில் ஈச்ச மரத்துக் கலயம் வழியாகவும், இந்தியாவில் மருத்துவமனை வழியாகவும் நுழைந்தது.

மலேசியா: தவறான விடை, தவறான வழி

1998 செப்டம்பரில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டினார்கள். அந்த வைரஸுக்குப் பன்றி ஓர் இடைத்தங்கல், கொசு வாகனம். ஆகவே நியாயமான ஊகம்தான். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கூர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள், சீனப் பண்ணைக்காரர்களும் அவர்களிடம் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களும். பக்கத்திலேயே வசித்து, பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். பன்றிகளும் நோயுற்றிருந்தன, தொலைவிலிருந்தே கேட்கும் அளவுக்குக் குரைப்பது போல இருமின.

பயந்த பண்ணைக்காரர்கள் பன்றிகளை விற்றார்கள். லாரியேறிய பன்றிகளோடு வைரஸும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போனது. அங்கே புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்ற இடங்களில் நோய் முன்னிலும் கடுமையாக வெடித்தது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா ஊர்க்காரர் ஒருவரின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதற்குள் மலேசியப் பன்றிகள் வழியாக அது சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்தையும் எட்டி அங்கே 11 தொழிலாளர்களைப் பாதித்திருந்தது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

அந்தப் பண்ணைகளின் அமைப்பைப் பார்த்தால் முதல் தாவல் எப்படி நடந்தது என்பது கண்முன் தெரியும். பன்றிப் பட்டிகளுக்கு மேலேயே மாமரம் உள்ளிட்ட பழமரங்களை வளர்த்திருந்தார்கள். இடமும் மிச்சம், இரட்டை வருமானம். இரவில் வௌவால் மரத்துக்கு வரும். பாதி தின்ற பழம் எச்சிலோடு பட்டிக்குள் விழும். பன்றி அதைத் தின்னும். நெருக்கியடித்து வளர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான பன்றிகளிடையே ஒருமுறை புகுந்த வைரஸுக்கு வேறென்ன வேண்டும்? பின்னர் மலேசியா மரங்களைப் பட்டிகளிலிருந்து தள்ளி வைக்கும்படி செய்தது. பன்றி வழியாக அந்த நாட்டில் நிபா மறுபடி வரவில்லை.

வங்கதேசத்தில் பன்றிப் பண்ணைகளுக்குப் பங்கில்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் பட்டையைச் சீவி, கீழே மண்கலயத்தைக் கட்டி இரவு முழுவதும் சாறு இறக்குகிறார்கள். விடியற்காலையில் அதைப் பச்சையாகக் குடிப்பது குளிர்காலத்தின் பெரிய இன்பங்களில் ஒன்று. மரத்தில் அகச்சிவப்புக் கேமராவைப் பொருத்திப் பார்த்தபோது, வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவதும் கலயத்தின் மேல் சிறுநீர் கழிப்பதும் பதிவாயின. மூங்கில் சிம்புகளால் ஒரு தட்டி முடைந்து அந்த இடத்தை மூடினால் வௌவால் நெருங்க முடிவதில்லை. சாற்றைக் காய்ச்சினால் வைரஸ் செத்துவிடும். அவ்வளவு எளிய தடுப்பு. ஆனால் காய்ச்சினால் ருசி போய்விடும் என்பதால் இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிலர் இறக்கிறார்கள்.

சிலிகுரி சொன்னதைக் கேட்டிருந்தால்

கோழிக்கோட்டுக்கு நேரான முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருந்தது. 2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தது. 45 பேர் இறந்ததாகப் பதிவு. நோயுற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் போனவர்கள். சேமித்துவைத்த மாதிரிகளைச் சோதித்து அது நிபாதான் என்று 2006இல் கட்டுரை வெளிவந்தது. ஐந்து ஆண்டு தாமதம்.

சிலிகுரியின் செய்தி தெளிவானது. இந்தியாவில் இந்த வைரஸ் காட்டிலிருந்து வரும், மருத்துவமனையில் பெருகும். அந்த அறிவு ஆய்விதழில் இருந்தது. தாலுகா மருத்துவமனை வார்டுக்கு அது வந்து சேரவே இல்லை. காய்ச்சலும் இருமலுமாக வருபவரைத் தனியே ஒதுக்கி உட்கார வைப்பது, அவருக்கு முகக்கவசம் கொடுப்பது, ஸ்கேன் அறைக்குக் கூட்டத்தின் நடுவே உருட்டிக்கொண்டு போகாமல் இருப்பது ஆகியவற்றுக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஏற்பாடுகள் 2018க்கு முன் வழக்கத்தில் இருந்திருந்தால் வராந்தா மரணங்களில் பலவற்றைத் தடுத்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடவே, துணைக்கு இருப்பவர்களைப் பற்றிப் பேச வேண்டும். நம் மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும், சிறுநீர்ப் புட்டியை எடுப்பதும், மருந்து வாங்க ஓடுவதும், ராத்திரி கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வதும் வீட்டார்தான். ஒரு செவிலியருக்கு ஐம்பது நோயாளி என்ற நிலையில் அவர்கள் இல்லாவிட்டால் வார்டே நடக்காது. கொள்ளைநோய் வந்ததும் அவர்களைத்தான் முதலில் குறை சொல்கிறோம்: ஏன் இத்தனை பேர் கூடுகிறார்கள், ஏன் நோயாளி சாப்பிட்ட மிச்சத்தைத் தின்கிறார்கள் என்று. இது அநியாயம். கூலியில்லாத உழைப்பாக அவர்களை வைத்துக்கொண்டு, ஊழியருக்குக் கொடுக்கும் கையுறையைக்கூட அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நாம் செய்த ஏற்பாடு. வங்கதேச ஆய்விலும் நோயாளியின் வாழ்க்கைத்துணைக்கே தொற்று அபாயம் அதிகம் என்று தெரியவந்தது. யார் முகத்தைத் துடைக்கிறாரோ, யார் மடியில் தலையை வைத்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் வரும்.

எப்படி நின்றது

பெயர் தெரிந்த மறுநாளிலிருந்தே கேரளம் வேகமாக இயங்கியது. அப்போதைய சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா கோழிக்கோட்டிலேயே தங்கி மேற்பார்வையிட்டார். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 2,600க்கும் மேற்பட்டவர்களின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் நாள்தோறும் விசாரித்தார்கள். காய்ச்சல் வந்தவுடனேயே மருத்துவக் கல்லூரியின் தனிமை வார்டுக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். வராந்தா இல்லை, காத்திருப்பு இல்லை. ஊழியர்களுக்கு முழு உடல் கவச உடை வந்தது. ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்ப்புரத மருந்தும் வரவழைக்கப்பட்டது. அது பயன்படுத்தப்படுவதற்குள் தொற்று அடங்கிவிட்டது.

மே மாதக் கடைசியில் இன்னும் சில மரணங்கள் வந்தபோது இரண்டாவது அலை என்று பேச்சு எழுந்தது. அவை நோய் கண்டறியப்படும் முன்னரே பாலுசேரி உள்ளிட்ட மருத்துவமனைகளில் தொற்றியவை என்று தெரிந்தது. ஜூன் மாதத்தில் புதிய நோயாளி இல்லாத நாட்களை எண்ணி முடித்து, மாதக் கடைசியில் இரு மாவட்டங்களும் நிபா நீங்கியவையாக அறிவிக்கப்பட்டன. தொடர்பில் இருந்தவர்களின் ரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது, அறிகுறியே இல்லாமல் தொற்றுப் பெற்றிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே. ஊருக்குள் ஒளிந்து திரியும் நோய் அது இல்லை என்பதற்கு அதுவே சான்று. பட்டியல் போட்டுத் தேடினால் பிடிபடும் நோய்.

இறந்தவர்களின் உடல் பெரிய சிக்கலாயிற்று. தகனமேடை ஊழியர்கள் அஞ்சி ஒதுங்கினார்கள். மாநகராட்சி சுகாதார அலுவலராக இருந்த ஆர்.எஸ். கோபகுமார் தாமே முன்னின்று பல உடல்களின் கடைசிக் காரியங்களை நடத்தினார். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவுக்கு வகுத்த நெறிமுறைகளைப் பின்பற்றி உடல்களைக் காப்புறைகளில் இட்டு, முஸ்லிம் குடும்பங்களுக்கு ஆழமாகக் குழி தோண்டி அடக்கம் செய்ய வழி செய்தார். இதை ஒரு சடங்குச் செய்தியாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. மரியாதையாக அடக்கம் செய்ய வழியில்லை என்று தெரிந்தால் குடும்பங்கள் நோயை மறைக்கும். மறைத்த நோயாளியைப் பட்டியல் பிடிக்காது.

இன்னொரு பக்கம், பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர்களை ஆட்டோவில் ஏற்ற மறுத்தார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். வளைகுடா நாடுகள் சில கேரளப் பழங்களுக்குத் தடை போட்டன. சந்தையில் வாழைப்பழமும் மாம்பழமும் தேங்கின. முதல் நோயாளியின் குடும்பத்தார் வாங்கிய இடத்தில் இருந்த கிணற்றை இறைத்தபோது அதில் வௌவால்கள் இருந்தன என்பதால் அதுவே மூலம் என்று செய்தி பரவியது. அந்தக் கிணற்று வௌவால்கள் பூச்சி தின்னும் வகை. சோதனையில் வைரஸ் இல்லை. உடனே, பார்த்தீர்களா வௌவாலுக்கு இதில் பங்கே இல்லை என்று வாட்ஸ்அப்பில் சிலர் கிளம்பினார்கள். பின்னர் அதே வட்டாரத்தில் பழந்தின்னி வௌவால்கள் 52ஐச் சோதித்தபோது 10இல் வைரஸ் இருந்தது. மனிதரிடம் எடுத்த வைரஸோடு அது மிக நெருங்கிப் பொருந்தியது. அந்த முதல் இளைஞருக்கு எந்த வழியில் வந்தது என்பது, கடித்த பழமா, தொட்ட கிளையா, விழுந்த வௌவால் குட்டியா என்பது, இன்றுவரை நிறுவப்படவில்லை. அவரைக் கேட்க முடிந்த காலத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வௌவாலைக் கொல்லலாமே என்பவர்கள் எப்போதும் உண்டு. கூட்டத்தைக் கலைத்தால் அவை புதிய இடங்களுக்குச் சிதறும். மிரண்டு அலையும் வௌவால் வைரஸை அதிகமாக வெளியே விடும் என்று கருத இடமிருக்கிறது. இலுப்பை போன்ற மரங்களின் விதையைப் பரப்புவதும் அவைதான். வௌவாலுக்காகத் தீபாவளியன்று பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர்கள் அப்படியே இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட ஒன்பது மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் வௌவால்களிடம் நிபாவுக்கான எதிர்ப்புரதம் காணப்பட்டிருக்கிறது. ஆக, இது கேரளத்தின் நோய் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. கேரளத்தில் நிபா வரும் ஒவ்வொரு முறையும் எல்லையில் உள்ள வாளையாறு சோதனைச்சாவடியில் வெப்பமானியோடு ஆட்களை நிறுத்துகிறோம். காய்ச்சல் தெரிய ஒன்றிரண்டு வாரம் எடுக்கும் நோயை அந்த வெப்பமானி எத்தனை பேரிடம் பிடிக்கும்? அதே ஊழியர்களைக் கோவை, நீலகிரி மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தி, இருமும் காய்ச்சல்காரர்களைப் பிரித்து அமர்த்தச் சொன்னால் பயன் பல மடங்கு.

அதற்குப் பிறகு

கேரளத்தில் நிபா திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தது. சந்தேகம் சீக்கிரமே எழுந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் தொற்றவில்லை. 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். தொடர்பில் இருந்தவர்கள் தப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி கோழிக்கோடு மாவட்டத்தில் ஒருவர் இறந்தபோது நிபா என்று யாரும் நினைக்கவில்லை. செப்டம்பரில் இரண்டாவது மரணம் வந்த பிறகே சோதனை நடந்தது. மொத்தம் 6 பேர், 2 மரணம். முதலாமவரிடமிருந்து தொற்றியவர்கள் யாரென்றால், மறுபடியும் வீட்டாரும் மருத்துவமனையில் அருகில் இருந்தவர்களும்தான். நோயின் பெயர் தெரியாமல் ஒருவர் வார்டில் இருந்த நாட்களே 2018, 2023 ஆகிய இரண்டு முறையும் விலை கேட்டன.

2024இல் மலப்புரத்தில் ஜூலையில் 14 வயதுச் சிறுவனும் செப்டம்பரில் 24 வயது மாணவரும் இறந்தார்கள். மாணவருக்கு நிபா என்பது இறந்த பிறகே தெரிந்தது. அப்படியிருந்தும் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. பெரும்பாலான நோயாளிகள் பரப்புவதில்லை என்ற வங்கதேசக் கணக்கு இங்கே கைகொடுத்தது. அடுத்த நோயாளி எந்த வகையாக இருப்பார் என்பதை அவர் வாசலுக்கு வரும்போது யாராலும் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கும் முதல் கட்டம் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. சேமிப்பில் உள்ள எதிர்ப்புரத மருந்தும் சோதனை நிலையில் உள்ளதுதான். அவை பயன்பாட்டுக்கு வரும்வரை நம் கையில் இருப்பவை சோப்பு, முகக்கவசம், கையுறை, தனி அறை, நோயாளியிடமும் துணைக்கு வந்தவரிடமும் கேட்க வேண்டிய சில கேள்விகள். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா, கடந்த இரண்டு வாரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், அங்கே யார் பக்கத்தில் இருந்தீர்கள்.